சிம் இல்லாமல் இடம் சொல்வது எப்படி?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில், ரிச்சர்ட்ஸ் பார்க்கைச் சுற்றி நடப்பவர்கள் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கைப்பேசியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு சிம் கார்டைக் கழற்றிவிட வேண்டும். வைஃபையும் வேண்டாம். இப்போது வரைபடத்தைத் திறந்தால் நீலப் புள்ளி கொஞ்சம் அங்குமிங்கும் அலைந்துவிட்டு, நீங்கள் நிற்கும் நடைபாதைக்கே வந்து சேரும். யாருடனும் தொடர்பில்லாத போன் உங்கள் இடத்தைச் சரியாகக் காட்டிவிடுகிறது. ஆனால் பக்கத்திலேயே காக்ஸ் டவுனில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு அதைச் சொல்ல அந்தப் போனுக்கு வழியில்லை.

ஏன் இப்படி? ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தங்கள் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. நம் இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் செய்வதும் அதே வேலைதான். போன் அந்த அறிவிப்புகளைக் கேட்கிறது. ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு தாமதமானது என்று பார்த்து, தான் எங்கே இருக்கிறோம் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கு நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது. நாம் எங்கே இருக்கிறோம் என்று நாம் தெரிந்துகொள்வதும், அதைப் பிறருக்குத் தெரிவிப்பதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். முதல் வேலையை வானம் இலவசமாகச் செய்து தருகிறது. இரண்டாவது வேலைக்கு செல்போன் கோபுரம், அதற்கு மின்சாரம், கோபுரத்தை இணைக்கும் கண்ணாடியிழைக் கம்பி என்று ஒரு பெரிய ஏற்பாடே வேண்டும்.

அந்த ஏற்பாடு எப்போது சரியும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலிலும் சென்னையில் போன் கிடைக்காமல் தவித்தவர்கள் எத்தனையோ பேர். மின்சாரம் போகும். கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். டீசல் லாரி வர முடியாது. அதன்பின் கையில் இருக்கும் போன் தன் இடத்தை மட்டும் மீட்டர் கணக்கில் அறிந்துவைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

இந்த இரண்டாவது வேலையைக் கோபுரம் எதுவும் இல்லாமல் செய்து முடிக்கும் வழி ஒன்றை அமெச்சூர் ரேடியோக்காரர்கள், அதாவது ஹாம்கள், 40 ஆண்டுகளாக வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ஏபிஆர்எஸ். தமிழில் 'தானியங்கிப் பொட்டல அறிவிப்பு முறை' எனலாம். பொட்டலம் என்பது இங்கே தகவலின் சின்னக் கட்டு. ஹாம்கள் பேக்கெட் என்பார்கள்.

ஹாம் என்பவர் அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, வணிக நோக்கமில்லாமல் வானொலி அலைகளில் பேசுபவர். ஒவ்வொருவருக்கும் உலகத்திலேயே வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. இந்திய ஹாம்களின் குறி 'வி.யு.' என்று தொடங்கும். பேரிடரில் இவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நம் பக்கத்தில் பலரும் சொல்லும் உதாரணம் 2004 சுனாமி. ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்த டிசம்பரில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. வெளிநாட்டு ஹாம்களுடன் அந்தமானிலிருந்து பேசும் வாய்ப்பு அபூர்வம் என்பதால் போன பயணம் அது. 26-ஆம் தேதி கடல் பொங்கித் தொலைபேசி அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே கருவிகள் தீவுக்கும் தாயகத்துக்கும் இடையே செய்தி கடத்தின. உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள் அவற்றின் வழியாகக் கரைக்கு வந்தன.

ஆனால் குரலில் செய்தி கடத்துவது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே ஒரு பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை வேறு யாரும் பேச முடியாது. இடத்தைச் சொல்வது இன்னும் கடினம். ரிச்சர்ட்ஸ் டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் சுற்றி ஃபிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன், பென்சன் டவுன் என்று வெள்ளைக்காரத் துரைமார் பெயரில் டவுன்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. குக் டவுனும் காக்ஸ் டவுனும் இரைச்சலில் ஒன்றுபோலவே கேட்கும். 'பாட்டரி ரோடு, கிளாரன்ஸ் ஸ்கூல் பக்கம்' என்று ஆட்டோக்காரரிடம் சொல்லலாம். வெளியூரிலிருந்து வந்த மீட்புக் குழுவுக்கு அதனால் பயனில்லை. எண்ணாகச் சொன்னால்தான் வேலை ஆகும். எண்ணை மனிதர் வாய் சொல்வதைவிட இயந்திரம் சொல்வது நல்லது.

அமெரிக்காவில் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் பணியாற்றிய பாப் புரூனிங்கா என்ற பொறியாளர் இந்த வேலையை இயந்திரத்திடம் விட்டார். 1982-இல் கடற்படைக் கப்பல்களின் இருப்பிட அறிவிப்புகளை ஓர் ஆப்பிள் கணினித் திரையில் வரைபடமாகக் காட்டிப் பார்த்ததுதான் தொடக்கம். இரண்டு ஆண்டு கழித்து 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகள் எந்தக் கட்டத்தைத் தாண்டின என்று அறிவிக்க அதையே ஒரு வீட்டுக் கணினியில் எழுதினார். அப்போது ஜிபிஎஸ் கருவி சாமானியர் கைக்கு வரவில்லை. அது மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 1990-களில்தான் முறை முழு வடிவம் பெற்றது. 1992-இல் ஏபிஆர்எஸ் என்ற பெயர் நிலைத்தது. புரூனிங்கா 2022-இல் காலமானார். அவர் வகுத்த பொட்டல வடிவம் இன்றும் அப்படியே புழங்குகிறது.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டித்தான் 13 டிகிரி வடக்கு அட்சரேகை போகிறது. தீர்க்கரேகை 77 டிகிரி 37 நிமிடத்துக்குப் பக்கம். ஏபிஆர்எஸ் இதை 1300.00 என்றும் 07737.00 என்றும் எழுதும். ஒவ்வொன்றின் பின்னும் வடக்கு, கிழக்கு என்பதற்கு ஒற்றை எழுத்து. மொத்தம் 17 எழுத்து. இதற்குள் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது 1.85 கிலோமீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு 18 மீட்டர் சொச்சம். ஒரு வீட்டையும் அதற்கு இரண்டு வீடு தள்ளி இருப்பதையும் பிரித்துச் சொல்ல இது போதும். தன் வீட்டை உலகத்துக்குக் காட்ட விருப்பமில்லாதவர் கடைசி இரண்டு இலக்கத்தை வெற்றிடமாக விட்டுவிடலாம். அப்போது ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கோ இருக்கிறார் என்று மட்டும் தெரியும்.

இடத்துடன் ஒரு படக்குறியும் சேரும்: கார், வீடு, ஆம்புலன்ஸ், படகு, பலூன் என்று நீளமான பட்டியல் உண்டு. அழைப்புக்குறிக்குப் பின்னால் ஓர் எண் வரும். 9 என்றால் வண்டியில் இருக்கும் நிலையம், 7 என்றால் கையில் பிடிக்கும் ரேடியோ, 11 என்றால் பலூன் என்பது வழக்கம். வேகமும் திசையும் சேர்த்துக்கொள்ளலாம். வானிலை நிலையமாக இருந்தால் காற்றும் மழையும். எல்லாம் சேர்ந்தும் பொட்டலம் 80 எழுத்தைத் தொட்டால் அதிகம்.

இனி இதைக் காற்றில் அனுப்ப வேண்டும். ஹாம்கள் கையில் இருப்பது குரலைச் சுமக்கும் ரேடியோ. அதற்கு எண் தெரியாது, ஒலிதான் தெரியும். ஆகவே எண்ணை ஒலியாக்க வேண்டும். இதற்கு இரண்டு சுரங்கள் போதும். நொடிக்கு 1,200 முறை அதிரும் ஒன்று, 2,200 முறை அதிரும் இன்னொன்று. பழைய தொலைபேசி மோடம்களிடமிருந்து கடன் வாங்கிய சுரங்கள் இவை. கணினியின் மொழியில் எல்லாம் 0, 1 என்ற இரண்டு குறிகள்தான். சுரம் மாறினால் 0, மாறாமல் நின்றால் 1. எந்தச் சுரம் ஒலிக்கிறது என்று கருவி கவலைப்படுவதில்லை. மாறியதா, மாறவில்லையா என்று மட்டும் பார்க்கிறது.

கேட்பவருக்குப் பொட்டலம் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு வேலிக்கல் நடுகிறார்கள்: ஒரு 0, தொடர்ந்து ஆறு 1, மறுபடி ஒரு 0. சரி, செய்திக்குள்ளேயே தற்செயலாக ஆறு 1 அடுத்தடுத்து வந்துவிட்டால்? அனுப்பும் கருவி ஐந்து 1 தொடர்ந்து வந்தவுடன் கேட்காமலே ஒரு 0 நுழைத்துவிடும். பெறும் கருவி அந்த 0-ஐ எடுத்துப் போட்டுவிடும். இந்தத் தந்திரத்தை முதல்முறை படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் பல பெரிய கண்டுபிடிப்புகளைப் படித்தபோதும் வந்ததில்லை.

நொடிக்கு 1,200 குறிகள் என்ற வேகத்தில் 80 எழுத்துப் பொட்டலம் அரை நொடியில் முடிந்துவிடும். ரேடியோ விழித்துக்கொள்ள எடுக்கும் சிறு நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு நொடிக்குள் அடங்கும். காதுக்கு அது 'ப்ர்ர்ரிப்' என்ற ஒரு கரகரப்பு. அதைப் பதிவுசெய்து ஒலி ஆய்வு மென்பொருளில் விரித்துப் பார்த்தால் இரண்டு சுரங்களும் மாறி மாறி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வழியில் இரைச்சல் புகுந்து சில குறிகள் கெட்டுப்போனால் என்ன ஆகும்? 77 டிகிரி 79 டிகிரி ஆனால் ரிச்சர்ட்ஸ் டவுனில் நிற்பவர் வேலூரைத் தாண்டிப் போய்விடுவார். இதற்கு மளிகைக் கடைச் சீட்டின் அடியில் போடும் கூட்டுத்தொகை போன்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்கு வந்து நாமும் கூட்டிப் பார்க்கிறோம். தொகை ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஓர் இலக்கம் தப்பு என்று தெரியும். எது என்று தெரியாது. பொட்டலத்தின் கடைசியிலும் அதன் எல்லாக் குறிகளையும் வைத்துக் கணக்கிட்ட 16 குறிச் சரிபார்ப்பு எண் ஒன்று வரும். பெறும் கருவி தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் முழுப் பொட்டலத்தையும் தூக்கி எறிந்துவிடும். 16 குறியில் 65,536 எண்கள் உண்டு. தாறுமாறாகச் சிதைந்த பொட்டலம் தற்செயலாகச் சரியான எண்ணோடு வந்து நம்மை ஏமாற்றும் வாய்ப்பு 65,536-இல் ஒன்று. ஏபிஆர்எஸ் வரைபடத்தில் தெரியும் புள்ளியை ஹாம்கள் நம்புவதற்குக் காரணம் இந்தக் கணக்கு. கருவி ஊகிப்பதில்லை. முழுதாகக் கேட்டதை மட்டும் காட்டும். இல்லாவிட்டால் வாய் திறக்காது.

எறிந்த பொட்டலத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்காதா? கேட்காது. முதலில் குறைபோலத் தெரியும். ஆனால் யோசித்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஜீப் இரண்டு நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தது என்பதைத் திரும்பச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? அடுத்த அறிவிப்பு எப்படியும் வரத்தான் போகிறது, புது இடத்தோடு. ஒருவருக்கென்று பிரத்தியேகமாக அனுப்பாமல், காதுள்ளவர் எல்லாரும் கேட்கட்டும் என்று விடப்படும் அறிவிப்பு இது. அனுப்பியவருக்கு யார் கேட்டார்கள் என்றே தெரியாது. ஒருவர் கேட்டாலும் 100 பேர் கேட்டாலும் காற்றில் செலவாகும் நேரம் அதே ஒரு நொடிதான்.

இந்த ஒரு நொடிதான் முறை முழுவதற்கும் அச்சாணி. ஏனென்றால் ஓர் ஊரில் எல்லாரும் ஒரே அலைவரிசையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எப்போது முறை என்று சொல்ல நடுவர் இல்லை. ஒவ்வொரு கருவியும் முதலில் காதைத் தீட்டிக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் தன் பொட்டலத்தை விடும். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நகரின் வட கோடியில் எலகங்காவில் ஒருவரும் தென் கோடியில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒருவரும் இருந்தால், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இருவரும் காற்று காலியாக இருக்கிறது என்று நம்பி ஒரே கணத்தில் பேசுவார்கள். உயரத்தில் இருவரையும் கேட்கும் மூன்றாவது நிலையத்துக்கு இரண்டும் குழம்பிப் போய்ச் சேரும்.

இப்படி நடுவரில்லாமல் பலர் ஒரே அலையில் பேசினால் எவ்வளவு தேறும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் 1971-இல் தீவுகளுக்கிடையே கணினிகளை ரேடியோவால் இணைத்த அலோஹா வலையில், தோன்றியபோது பேசுவதுதான் விதி. அப்படிப் பேசினால், மோதாமல் தப்பிப் பிழைக்கும் பேச்சு மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் என்று அவர் காட்டினார். இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 10 நிமிடத்தில் 600 நொடி. அதில் 18 சதவீதம் என்றால் நூற்றுச் சொச்சம் பொட்டலம். புரூனிங்கா வகுத்த நெறியும் இதையொட்டியதுதான்: ஓர் ஊரில் புதிதாக ரேடியோவைத் திருகுபவருக்கு அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லா நிலையங்களின் நிலவரமும் சுமார் 10 நிமிடத்துக்குள் தெரிந்துவிட வேண்டும். அதற்கு ஒவ்வொருவரும் பல நிமிடத்துக்கு ஒருமுறைதான் வாய் திறக்கலாம். ஆர்வக்கோளாறில் ஒருவர் ஐந்து நொடிக்கு ஒருமுறை தன் இடத்தை அறிவிக்கத் தொடங்கினால் 10 நிமிடத்தில் 120 பொட்டலம். ஊருக்கு உரிய பங்கு முழுவதையும் அவர் ஒருவரே தின்று தீர்த்துவிடுவார்.

ஓடும் வண்டிக்குப் பல நிமிட இடைவெளி போதாதே என்றால், அதற்கும் வழி கண்டார்கள். நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அடிக்கடி சொல்லத் தேவையில்லை. வேகமும் திசையும் முந்தின பொட்டலத்திலேயே இருப்பதால் கேட்பவரின் கணினி தானே அடுத்த இடத்தைக் கணித்துக்கொள்ளும். வண்டி திரும்பும்போதுதான் கணிப்பு பொய்க்கும். ஆகவே திரும்பியதும் உடனே ஓர் அறிவிப்பு. நின்றுவிட்டால் நீண்ட மௌனம். டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்ட காருக்கு அரை மணி நேரம் சொல்ல எதுவும் இருக்காது.

அடுத்த கேள்வி தூரம். உலகெங்கும் ஏபிஆர்எஸ் பெரும்பாலும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் நடக்கிறது. அலைநீளம் இரண்டு மீட்டர். ஆகவே அரை மீட்டர்க் கம்பியே நல்ல ஆன்டெனா. ரிச்சர்ட்ஸ் டவுன் இருக்கும் கன்டோன்மென்ட் பகுதியின் பழைய மரங்களின் இலைத் திரையை இந்த அலை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அதன் எதிரி பூமியின் வளைவு. ஏறத்தாழ நேர்க்கோட்டில் போவதால் அடிவானத்தைத் தாண்டி விழாது. தரையில் நிற்பவர் கையிலிருக்கும் ரேடியோவுக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டரில் வந்துவிடும். 10 மீட்டர் உயர மொட்டைமாடிக்கு 13 கிலோமீட்டர். இடையில் அடுக்குமாடிக் கட்டடங்கள் நின்றால் அதுவும் குறையும். பங்களாக்கள் இடிந்து அடுக்குமாடிகள் எழும் ஊரில் மாடியில் ஆன்டெனா வைக்கக் குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி வாங்குவது உரிமத் தேர்வைவிடக் கடினம் என்று ஹாம்கள் நொந்துகொள்வது தனிக்கதை.

ஆனால் வடக்கே பாருங்கள். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டரில் நந்தி மலை. உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 1,478 மீட்டர். பெங்களூரு பீடபூமியே 900 மீட்டருக்கு மேல் என்றாலும், மலை அதைவிட 500 மீட்டருக்கு அதிகமாக நிமிர்ந்து நிற்கிறது. அந்த உச்சியிலிருந்து ரேடியோ அடிவானம் 90 கிலோமீட்டருக்கும் அப்பால். தரையில் ஒருவரையொருவர் கேட்காத இருவரை மலையுச்சி கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ரேடியோவை வைத்து, கேட்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் உடனே திரும்பச் சொல்ல வைத்தால் ஐந்து வாட் கைரேடியோவின் குரல் ஒரு மாவட்டத்தையே எட்டும். இப்படித் திரும்பச் சொல்லும் நிலையத்துக்கு ஹாம்கள் வைத்த பெயர் டிஜிபீட்டர், எண்ணிம மறுஒலிபரப்பி. ஒரு சூரியத் தகடும் பேட்டரியும் போதும். கோபுர நிறுவனம் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

பல டிஜிபீட்டர்கள் ஒன்றை ஒன்று கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரே பொட்டலம் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்குமே? அதைத் தடுக்க, எத்தனை தாவல் தாவலாம் என்று பொட்டலத்திலேயே ஓர் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு டிஜிபீட்டரும் அதில் ஒன்று குறைக்கும்; பூஜ்யம் ஆனால் யாரும் திரும்பச் சொல்ல மாட்டார்கள். சற்று முன் சொன்ன பொட்டலமே மறுபடி காதில் விழுந்தால் அதையும் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தாவலும் காற்றில் இன்னொரு நொடியை எடுத்துக்கொள்வதால் இரண்டு தாவலுக்கு மேல் கேட்பது அநாகரிகம்.

இருப்பிடம் போக, குறுஞ்செய்தியும் இதே பொட்டலத்தில் போகும். இதில் மட்டும் பதில் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண். பெற்றவரின் கருவி 'கிடைத்தது' என்று அந்த எண்ணைத் திருப்பி அனுப்பும்வரை அனுப்பியவரின் கருவி இடைவெளி விட்டு விட்டு முயலும். செய்தியின் நீளம் 67 எழுத்துக்குள். தமிழில் எழுத ஆசைப்படுபவர்களுக்கு ஒரு சங்கடம்: யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு செலவாகும், 'கோ' என்று எழுதினாலே ஆறு. 67 பைட்டுக்குள் 22 குறிகளோடு முடிந்துவிடும். பழைய ரேடியோக்களின் சின்னத் திரை அதையும் கட்டங்கட்டமாகத்தான் காட்டும். ஆகவே தமிழ் ஹாம்கள் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுவதே நடைமுறை. மறைமொழியில் எழுதுவதற்கு அமெச்சூர் விதிகளில் இடமில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் எழுத வேண்டும்.

40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மலையே இவ்வளவு செய்யுமானால், 400 கிலோமீட்டர் உயரம் என்ன செய்யும்? இங்கேதான் பெங்களூருக்குத் தனிப் பங்கு உண்டு. விமானபுராவில் இருக்கும் யு.ஆர்.ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உபக்கிரஹா என்ற பெயரில் ஹாம் சங்கமே இயங்குகிறது. ஹாம்களுக்கென்றே இஸ்ரோ ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளை 2005 மே 5 அன்று ஏவியது. அதில் இருந்த இரண்டு மறுஒலிபரப்பிகளில் ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றது நெதர்லாந்திலிருந்து வந்தது. குரலுக்கான அந்தச் செயற்கைக்கோள் 2014 வரை உழைத்தது.

ஏபிஆர்எஸ் ஏறியது 2019 ஏப்ரல் 1 அன்று, பிஎஸ்எல்வி சி-45 ராக்கெட்டில். வழக்கமாகச் செயற்கைக்கோள்களை விடுவித்தபின் ராக்கெட்டின் நான்காவது அடுக்கு வெறும் விண்குப்பை. சென்னை மாணவர்களின் கலாம்சாட்டைச் சுமந்த சி-44, அந்த அடுக்கையே ஆய்வு மேடையாக்கலாம் என்று அதே ஆண்டு ஜனவரியில் காட்டியிருந்தது. சி-45-இல் அதற்குச் சூரியத் தகடும் பொருத்தி, 485 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டு, மூன்று கருவிகளை ஏற்றினார்கள். அவற்றில் ஒன்று ஆம்சாட் இந்தியா என்ற ஹாம் அமைப்பின் ஏபிஆர்எஸ் டிஜிபீட்டர். 485 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் சுமார் 2,400 கிலோமீட்டர். பெங்களூரின் தலைக்கு மேல் அது கடந்த கணத்தில் கொழும்பும் காத்மாண்டுவும் ஒரே பொட்டலத்தைக் கேட்கும் வட்டத்துக்குள் இருந்தன. ஆனால் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதால் ஏறத்தாழ பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டது.

இதைவிட நமக்கு வாகானது இந்தோனேசியாவின் லப்பான்-ஏ2 செயற்கைக்கோள். 2015 செப்டம்பர் 28 அன்று இஸ்ரோவின் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே கிளம்பியது. ஹாம்களுக்கு ஏபிஆர்எஸ் கருவியும் எடுத்துப்போனது. நிலநடுக்கோட்டிலிருந்து ஆறு டிகிரிக்கு மேல் விலகாத பாதையில், 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவது. அவ்வளவு உயரத்திலிருந்து 24 டிகிரி தள்ளி இருப்பவர்கள்வரை பார்வைக்குள் வருவார்கள். 13 டிகிரியில் இருக்கும் பெங்களூரும் சென்னையும் அதன் ஒவ்வொரு சுற்றிலும் பார்வைக்குள் வந்துவிடும். துருவப் பாதையில் ஓடும் செயற்கைக்கோள் ஒரு நாளில் சில முறைதான் எட்டிப் பார்க்கும்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் 145.825 மெகாஹெர்ட்ஸில் ஒரு டிஜிபீட்டர் உண்டு. ஹாம் நண்பர் யாராவது இருந்தால், நிலையம் கடக்கும் நேரம் பார்த்து அவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கேளுங்கள். இரைச்சலுக்கு நடுவே அந்தக் கரகரப்பு வரும். திரையில் அழைப்புக்குறிகள் ஒவ்வொன்றாக விழும்போது, அவை 1,000 கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவர் கைரேடியோவில் விட்டவை என்பது புரியும். வந்து சேர்ந்த பாதையில் செல்போன் கோபுரம் ஒன்றுகூட இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இன்று பலர் ஏபிஆர்எஸ்ஸை முதலில் சந்திப்பது இணைய வரைபடத்தில். பின்லாந்திலிருந்து இயங்கும் தளம் ஒன்று உலக ஹாம்களின் புள்ளிகளை எல்லாம் ஒரே படத்தில் காட்டுகிறது. அங்கங்கே இருக்கும் 'ஐகேட்' நிலையங்கள் காற்றில் கேட்டதை இணையத்தில் ஏற்றுவதால் அது நடக்கிறது. வசதிதான். ஆனால் போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு செல்போன் தரவிலேயே தன் இடத்தை அந்த வலைக்கு ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். வரைபடத்தில் இருவரும் ஒன்றுபோலத் தெரிவார்கள். கோபுரம் சாயும் நாளில் முதலாமவர் இருப்பார், இரண்டாமவர் மறைந்துபோவார். புரூனிங்கா கடைசிவரை எரிச்சல்பட்ட விஷயம் இது. அவர் எரிச்சல் நியாயமானது என்பதே என் எண்ணம்.

நம் ஊர்களில் டிஜிபீட்டர்கள் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ போல நெருக்கமாக இல்லை. கருவி விலை அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. பழைய ரேடியோ ஒன்று, கையளவுக் கணினி ஒன்று, இலவச மென்பொருள், சூரியத் தகடு இவற்றோடு வேலை முடிந்துவிடும். தேவைப்படுவது உயரமான இடமும், உரிமம் உள்ள ஒருவரும், அதைத் தொடர்ந்து கவனிக்கும் பொறுமையும். பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் மலையடிவாரங்களில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஏற்காட்டிலிருந்து கொடைக்கானல் வரை மலைகளுக்கும் பஞ்சமில்லை. ஒரு கல்லூரி ஒரு மலைக்குப் பொறுப்பேற்றால்கூடப் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

உரிமத் தேர்வைத் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்துகிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிகளும் பாடம்; மோர்ஸ் தந்தி தெரியாதவர்களுக்கும் ஒரு நிலை உண்டு. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் அடுத்த விடுமுறையில் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.